‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று எத்தனை நாள் பொறுக்கலாம்?

கேட்டிருப்பவர் ஒரு கணவர். குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறதாம். மனைவி காரணம் சொல்லத் தெரியாமல் அழுகிறார். குழந்தை தூங்கினாலும் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. “நான் அம்மாவாக இருக்கவே லாயக்கில்லை” என்று அடிக்கடி சொல்கிறார். கணவருக்கும் எதிலும் பிடிப்பில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது. வீட்டில் பெரியவர்கள் “எல்லாருக்கும் இப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும்” என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா, டாக்டரிடம் போக வேண்டுமா, அடுத்த முறை கர்ப்பத்திலேயே என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்.

இனிமேலும் பொறுக்க வேண்டாம். இந்த வாரமே போய்க் காட்டுங்கள், இரண்டு பேருமே.

பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கர்ப்பம் முழுக்க ஏறிக்கொண்டே வந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள், நஞ்சுக்கொடி வெளியே வந்த சில நாட்களுக்குள் மளமளவென்று இறங்கிவிடுகின்றன. மூன்றாம் நாள் வாக்கில் பால் இறங்கி மார்பு கனக்கும், தையல் இழுக்கும், அதற்குள் இரண்டு மூன்று இரவுத் தூக்கமும் போயிருக்கும். பேறுகால வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மூன்றாம் நாளில் அழாத தாயைத்தான் தேட வேண்டியிருக்கும். பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு இந்த அழுகை வருகிறது. நடுநடுவே சிரிப்பும் வரும். பக்கத்தில் ஆள் இருந்து, சாப்பாடும் ஓய்வும் கிடைத்தால் மருந்து மாத்திரை இல்லாமலே இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

அந்த இரண்டு வாரம்தான் கெடு. அதைத் தாண்டியும் அழுகையும் பயமும் குற்ற உணர்ச்சியும் தொடர்ந்தால் அதைப் பேறுகால மனச்சோர்வு என்று சந்தேகிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலக அளவில் கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவமானவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்சினை வருகிறது. பெரும்பாலும் அது மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது இன்னும் கூடுதல், முறையே 16, 20 சதவீதத்துக்குப் பக்கத்தில். கர்ப்பிணிகளின் கணக்கைக் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வந்தது என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு வயிற்றில் குழந்தை இருக்கும்போதே தொடங்கியிருக்கும். ‘மசக்கைச் சோர்வு’ என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் கேள்வியில் என்னை உஷார்ப்படுத்தியது அழுகை அல்ல. குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது. பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கேட்கும், அதனால் தூங்க நேரம் கிடைக்காமல் எந்தத் தாயும் தவிப்பார். அது களைப்பு. குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார், அறை இருட்டாக இருக்கிறது, உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்கிறது, ஆனாலும் மனது ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அது வேறு விஷயம். தாய்மார்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்: “நேரம் கிடைத்தால் தூங்க முடிகிறதா?”

இதை அளந்து பார்க்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ அளவுகோல். பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி மட்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. அலுப்பாக இருக்கிறதா, பசிக்கிறதா என்றெல்லாம் அதில் கேட்பதே இல்லை. புதிதாகப் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அலுப்பு உண்டு, அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. சிரிக்க முடிகிறதா, தப்பு நடந்தால் தேவையில்லாமல் உங்களையே நொந்துகொள்கிறீர்களா, தூக்கம் கெடும் அளவுக்கு மனம் வாடுகிறதா என்றுதான் அது போகும். உங்கள் மனைவியின் ‘லாயக்கில்லை’ என்ற பேச்சு அந்த நொந்துகொள்ளும் கேள்விக்கு நேரான பதில். 10 வந்தாலே கவனிக்க வேண்டும், 13-ஐத் தொட்டால் மருத்துவர் விரிவாகப் பார்த்தே ஆக வேண்டும் என்பது பொதுவான வழக்கம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மற்ற ஒன்பதிலும் பூஜ்யம் வாங்கினாலும், இதற்கு ‘ஆமாம்’ என்று வந்தால் அன்றைக்கே உதவி தேட வேண்டும், ஆளைத் தனியாக விடக்கூடாது.

டாக்டரிடம் போகும்போது ரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு நூற்றில் ஐந்து முதல் பத்துப் பெண்களுக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. முதல் நாலு மாதத்துக்குள் ஹார்மோன் அதிகமாகக் கசிந்து படபடப்பு, எரிச்சல், கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரலாம். அப்புறம் அளவு குறைந்துபோய் மந்தம், உடம்பு கனம், மனச்சோர்வு என்று தலைகீழாகும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் மனநலப் பிரச்சினை மாதிரியே தெரியும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தாலும் அப்படித்தான். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தால், படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், எதிலும் மனம் ஒட்டாது. தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்க்காமல் ‘மனசுதான் காரணம்’ என்று முடிவு கட்டுவது அவசரம். ரிசல்ட்டில் ஏதாவது குறை தெரிந்தால் ‘அப்போ மனசு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிடுவதும் அதே அளவு அவசரம்தான். இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே வரலாம்.

இனி, பெரும்பாலான தாய்மார்கள் யாரிடமும் வாய் திறக்காத ஒரு விஷயம். படியில் இறங்கும்போது “கை நழுவிக் குழந்தை விழுந்துவிட்டால்?” என்று ஒரு காட்சி மின்னும். காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கையில் இருக்கும் கத்தியைப் பார்த்ததும் சொல்லக்கூடாத ஒரு எண்ணம் வரும். குளிப்பாட்டும்போது தண்ணீரைப் பார்த்தால் இன்னொன்று. குழந்தைக்கு விபத்து நேர்வதாக வரும் எண்ணங்கள் அநேகமாக எல்லாப் புதுத் தாய்மார்களுக்கும் உண்டு. தன் கையாலேயே தீங்கு நேர்வதாக வரும் எண்ணம்கூட ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்துபோகிறது. தகப்பன்மார்களுக்கும் வரும். வந்த எண்ணத்தைப் பார்த்து அந்தத் தாய் பதறுகிறார், கத்தியை ஒளித்துவைக்கிறார், குழந்தையோடு தனியாக இருக்கப் பயப்படுகிறார். அந்தப் பதற்றமே அவர் அதைச் செய்ய விரும்பவில்லை என்பதற்கு அடையாளம். எண்ணம் வந்ததாலேயே யாரும் ஆபத்தானவர் ஆகிவிடுவதில்லை. அது ஓயாமல் வந்து நாளை முழுங்கினால், நூறு தடவை மூச்சு ஓடுகிறதா என்று பார்க்கவைத்தால், அதற்குச் சிகிச்சை உண்டு. “சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள்” என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். விவரம் தெரிந்த மருத்துவர் அப்படிச் செய்ய மாட்டார்.

இதற்கு நேர் எதிரான நிலை ஒன்று உண்டு. அரிதுதான், ஆயிரம் பிரசவத்தில் ஒன்றோ இரண்டோ. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே திடீரென்று வரும். இரவெல்லாம் தூங்காமலும் களைப்பே தெரியாமல் சுறுசுறுப்பாக இருப்பார், பேச்சு வேகமெடுக்கும், குழம்பும், யாரோ பேசுவது காதில் கேட்பதாகச் சொல்வார், குழந்தை தன்னுடையது இல்லை என்றோ அதற்கு ஏதோ சக்தி இருக்கிறது என்றோ உறுதியாக நம்புவார். அந்த நம்பிக்கை அவருக்கு விசித்திரமாகவே படாது. இது பிரசவத்துக்குப் பின் வரும் சைகோசிஸ். இருமுனை மனநோய் (அளவு கடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) உள்ளவர்களுக்கும், முன்பு ஒருமுறை இப்படி வந்தவர்களுக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். சரியாகச் சிகிச்சை செய்தால் பெரும்பாலானோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். “எனக்கும்தான்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டீர்கள். ஆண்கள் வழக்கமாக இப்படித்தான் சொல்கிறார்கள், அதுவும் சொன்னால். 2010-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், குழந்தை வருகிற காலத்தில் தகப்பன்மார்களில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது அது உச்சத்துக்குப் போகிறது. மனைவிக்கு இருந்தால் கணவருக்கும், கணவருக்கு இருந்தால் மனைவிக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. ஆண்களிடம் இது பெரும்பாலும் அழுகையாக வெளியே வராது. எரிச்சல், கோபம், வேலையே கதி என்று கிடப்பது, குடி கூடுவது, வீட்டுக்குள் இருந்துகொண்டே போனுக்குள் மறைந்துபோவது, இப்படித்தான் தெரியும். ஹார்மோன் மாற்றம் பெண்ணுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸில் இளைஞர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கணிசமாக இறங்கியிருந்தது, குழந்தையோடு அதிக நேரம் செலவிட்டவர்களுக்கு இன்னும் குறைவு. ஆகவே நீங்களும் அந்தப் பத்துக் கேள்விகளை நிரப்புங்கள். தகப்பன்மார்களுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

எரிச்சலைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் நன்றாகக் குறைந்துவிடும். அதாவது உங்களுக்கு மிகக் கஷ்டமான நாட்கள் இப்போதுதான். கையில் எடுத்தும் அடங்காமல் வீறிட்டு அழுகிறது, உங்களுக்கும் தாங்கவில்லை என்றால், குழந்தையைச் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, சில நிமிடம் அடுத்த அறைக்குப் போய் வாருங்கள். அழுவதால் அந்தச் சில நிமிடத்தில் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தக் கசிவு வரும்.

வீட்டில் இன்றைக்கே தொடங்கக்கூடிய சிகிச்சை தூக்கம். விட்டுவிட்டுத் தூங்கும் எட்டு மணி நேரத்தைவிட, இடையில் யாரும் எழுப்பாத நாலு ஐந்து மணி நேரம் மனதுக்கு அதிகம் உதவும். அது தானாகக் கிடைக்காது, ஏற்பாடு செய்ய வேண்டும். உதாரணமாக, ஒன்பது மணிக்கு மனைவி பால் கொடுத்துவிட்டு வேறு அறைக்குத் தூங்கப் போகட்டும். இரண்டு மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு. நடுவில் ஒரு முறை பசித்தால் முன்கூட்டியே பீய்ச்சி வைத்த பாலைக் கொடுங்கள். அது ஒத்துவரவில்லை என்றால் குழந்தையை அவரிடம் கொண்டுபோய்ப் பால் குடிக்கவைத்து உடனே வாங்கிக்கொள்ளுங்கள்; ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தட்டித் தூங்கவைப்பது எல்லாம் உங்கள் வேலை. இரண்டு மணிக்கு மேல் நீங்கள் தூங்கப் போங்கள். இரண்டு பேரும் விடிய விடிய முழித்திருப்பது பாசமாகத் தெரியலாம், நடைமுறையில் இருவரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். தூங்க ஐந்து மணி நேரம் கொடுத்தும் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால், டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவல் அது.

சிகிச்சை என்றால் மாத்திரை மட்டும் என்று பயப்பட வேண்டாம். மிதமான நிலையில் பேச்சு வழிச் சிகிச்சையே நன்றாக வேலை செய்கிறது. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் மனநல மருத்துவர்கள் இல்லாத இடங்களில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளிடமும் தாய்மார்களிடமும் முறைப்படி பேசினார்கள். 2008-ல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. அந்தச் சிகிச்சை கிடைக்காதவர்களில் 53 சதவீதம் பேருக்கு. உலக சுகாதார நிறுவனம் பின்னால் இதையே கையேடாக வெளியிட்டது.

மாத்திரை தேவைப்பட்டாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மாதிரி மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், அதற்குள் ‘வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடக்கூடாது. தேறிய பிறகும் டாக்டர் சொல்லும் வரை, வழக்கமாக ஆறு மாதமாவது, தொடர வேண்டும். இன்னொன்று: தாய்ப்பால் கொடுப்பதே ஒரு தாய்க்குப் பெரும் வதையாக இருந்தால், அதைக் குறைப்பதோ நிறுத்துவதோ தோல்வி இல்லை. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. பாலும் முக்கியம், பால் கொடுக்கிறவரும் முக்கியம் என்பதுதான் என் கட்சி.

உடம்பைப் பொறுத்தவரை, பிரசவமான உடனே ஒரு கிலோ அளவுக்கு இருக்கும் கருப்பை, ஆறு வாரத்தில் நூறு கிராமுக்குள் சுருங்கிவிடும். ரத்தப் போக்கும் படிப்படியாக நிறம் மாறி அதற்குள் நின்றுபோகும். இதை வைத்துத்தான் ‘ஆறு வாரம்’ என்ற கணக்கு வந்தது. உடம்பு முழுக்கத் தேற அதைவிட நிறைய நாள் ஆகும். சில அறிகுறிகளுக்கு மட்டும் பொறுமை கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத தலைவலியோடு கண் மங்குவது. கடைசியில் சொன்னது ரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறி. கர்ப்பத்தில் பி.பி. சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை இது வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவதைப் பெண்கள் வருடக்கணக்கில் மறைத்து வாழ்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு தாய்மார்களுக்கு இருக்கிறது. இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு: சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசை இறுகுகிறதோ அதை இறுக்கி, சில நொடி பிடித்து, விடுவது. தினமும் சில முறை, சில மாதங்களுக்கு. பெரும்பாலும் இதிலேயே தேறும். தேறவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். நடைப்பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்பது எந்த வகைப் பிரசவம் என்பதைப் பொறுத்தது. சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலசைவை உலக சுகாதார நிறுவனம் கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் பரிந்துரைக்கிறது. எடையைக் குறைக்கும் அவசரம் இப்போது வேண்டாம்.

அடுத்த வாரம் உங்களுக்கு ஆறாவது வாரப் பரிசோதனை வருமே, அதில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்கிறேன். குழந்தையின் எடை, தடுப்பூசி, தொப்புள் எல்லாம் பார்ப்பார்கள். பிறகு தாயைப் பார்த்து “நீங்க நல்லா இருக்கீங்களா?” என்பார்கள். “ம்” என்பார். முடிந்தது. அந்த ‘ம்’ வரும்போது நீங்கள் குறுக்கே பேச வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்குகிறார், என்ன சொல்லி அழுகிறார், எப்போதிலிருந்து என்று எழுதிக்கொண்டு போங்கள். முன்கூட்டியே மனைவியிடம் காட்டி, அவர் சம்மதத்தோடு. பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் சுகர் இருந்திருந்தால், 4 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை அவசியம். கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு.

அடுத்த கர்ப்பம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் இடைவெளி. ஒரு பிரசவத்துக்கும் அடுத்து கருத்தரிக்க முயல்வதற்கும் நடுவே குறைந்தது 24 மாதம் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும், ஆகவே ‘இன்னும் தலைக்குக் குளிக்கவில்லையே’ என்பது பாதுகாப்பு ஆகாது. கருத்தடை பற்றியும் அதே ஆறாவது வாரத்தில் பேசிவிடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதும், 24 முதல் 28 வாரத்துக்குள் சுகர் பார்ப்பதும் வழக்கமாக நடப்பவைதான்.

பொதுவாக விட்டுப்போவது மனதின் வரலாறு. ஒருமுறை பேறுகால மனச்சோர்வு வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். மனநல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. நோய் திரும்புவதற்கு அது ஒரு முக்கியமான காரணம். இருமுனை மனநோய்க்கும் வலிப்புக்கும் தரும் வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் வயிற்றுக் குழந்தைக்கு நிஜமாகவே ஆபத்தானவை, மற்றவை பலவற்றைத் தொடரலாம். அந்தக் கணக்கைக் கருத்தரிக்கும் முன்பே டாக்டரோடு உட்கார்ந்து போட வேண்டும். முதல் விசிட்டில் ரத்தப் பிரிவைச் சொல்வதைப் போலவே “போன முறை இப்படி இருந்தது” என்பதையும் சொல்லிப் பதிவு செய்யவையுங்கள். பிரசவத்துக்குப் பிந்திய முதல் இரண்டு வாரம் இரவில் யார் முழித்திருப்பது என்பதை ஏழாம் மாதத்திலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அந்த முதல் விசிட்டுக்கு நீங்களும் கூடப் போவது நல்லது. எந்த வாரத்தில் தூக்கம் போனது, எப்போது பேச்சு மாறியது என்பதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த உங்களுக்குத்தான் சரியாக நினைவிருக்கும்.